விளக்கு வைக்கும் முன் பூனை வீட்டுக்குள்: மலையடி ஊர்களில் பூனை, கைவேலை, சிறுத்தை

2025 பிப்ரவரி 3 – பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"மலையடியில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள் உள்ளன. என் மனைவி வயர் கூடையும் குரோஷாவும் பின்னி விற்கிறார். அடுத்த ஊரில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பூனைகளை இரவில் உள்ளே அடைக்க வேண்டும் என்கிறார் என் மனைவி. கிராமத்துப் பூனையை அடைப்பது பாவம், ஆபத்து வந்தால் அது மரமேறித் தப்பித்துக்கொள்ளும் என்பது என் கருத்து. மலையடியில் வாழ்கிறவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 3, இரவு

உங்கள் துணைவியார் சொல்வதே சரி. பூனை மரமேறும், சிறுத்தையும் மரமேறும். தன் எடைக்கு ஈடான இரையைக் கவ்விக்கொண்டே கிளைக்கு ஏறக்கூடிய விலங்கிடமிருந்து தப்ப மரம் உதவாது.

நான் இருப்பது குடியாத்தத்திலிருந்து மோர்தானா அணைக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஊர். எங்கள் கொல்லை முடியும் இடத்தில் கரடு தொடங்குகிறது; மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தின் கவுண்டின்யா வன உயிரினச் சரணாலயம். யானைகள் மாநில எல்லை பார்க்காமல் வந்து போவது இந்தப் பக்கத்து மக்கள் எல்லாரும் அறிந்ததே. சிறுத்தையும் அப்படித்தான் வந்து போகிறது, ஆனால் யானையைப் போல ஊருக்குத் தெரியும்படி வருவதில்லை. நெல் வயலையும் வாழைத் தோப்பையும் அழித்துவிட்டுப் போகும் யானையைப் பற்றி மறுநாள் ஊரே பேசும். ஒரு நாயும் ஒரு பூனையும் காணாமல் போனால் "எங்காவது போயிருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் செவலை என்ற கடுவன் பூனை இருந்தது. ஒரு மார்கழி இரவில் வெளியே போனது திரும்பவில்லை. விடிந்ததும் கொல்லை வேலியருகே கொஞ்சம் ரோமமும், கிணற்றடி ஈரமண்ணில் பெரிய காலடிகளும் இருந்தன. வனச்சரக ஊழியர் ஒருவர் வந்து அளந்து பார்த்து, சிறுத்தைதான் என்று உறுதியாகச் சொன்னார். அதுவரை எங்கள் தெருவில் யாரும் பூனையை அடைத்துப் பழகியதில்லை. அன்றிலிருந்து கறுப்பியும் அவளுடைய மகள் வெள்ளச்சியும் இருட்டிய பின் வெளியே இருப்பதில்லை. அடைப்பதால் அவை வாடிப்போகவில்லை. பூனைக்கு எப்போது வேண்டுமானாலும் உறங்கத் தெரியும். பகலில் வெயில் காயவும் ஓணானைத் துரத்தவும் இடம் கிடைத்தால் இரவுக் கதவை அது விரைவில் ஏற்றுக்கொள்கிறது.

பிப்ரவரி 4

நேற்று சிறுத்தையைப் பற்றி மட்டும் எழுதினேன். பூனைக்கு அன்றாடம் எமனாக நிற்பது தெருநாய்க் கூட்டம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் நான் கண்ணால் பார்த்த பூனைச் சாவுகள் பெரும்பாலும் நாய்களால் நேர்ந்தவை. குட்டிகளுக்கு வானத்தில் பருந்தும், இரவில் கொம்பன் ஆந்தையும், வைக்கோல் போரடியில் பாம்பும் எதிரிகள். மரநாய் எரவாணத்தில் ஏறி ஓசை எழுப்பும். அதனால் வளர்ந்த பூனைக்குத் தீங்கு வந்து நான் பார்த்ததில்லை.

நாய்க்கும் சிறுத்தைக்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். இறைச்சிக் கடைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். கழிவைத் தேடி நாய்கள் கூடுகின்றன. நாய்களைத் தேடிச் சிறுத்தை இறங்குகிறது. ஏரிக்கரைக் குப்பையை நிறுத்தும்படி கிராமசபையில் கேட்பது, வீட்டுக்கு வலை அடிப்பதற்குச் சமமான பாதுகாப்பு என்று நான் நம்புகிறேன்.

பிப்ரவரி 6

ஆம்பூரிலிருந்து ஒரு பெரியவர், "புலியும் சிறுத்தையும் பூனையும் ஒரே குலம், ஒரே குலத்தைத் தின்னாது" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்தே மறுக்கிறேன். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் அகோலே என்ற விவசாயப் பகுதி உள்ளது. அங்கே காடென்று பெரிதாக எதுவும் இல்லை. கரும்பு வயல்களுக்குள்ளேயே சிறுத்தைகள் வாழ்கின்றன. வித்யா ஆத்ரேயாவும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் அங்கே சிறுத்தையின் எச்சத்தைச் சேகரித்து, அது எதைத் தின்கிறது என்று ஆராய்ந்தார்கள். உணவில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். முதலிடம் நாய்க்கு, 39 விழுக்காடு. இரண்டாம் இடம் வீட்டுப் பூனைக்கு, 15 விழுக்காடு. அங்கே நாய்களைப் போல ஏழு மடங்கு ஆடுகள் இருந்தும் ஆட்டின் பங்கு 11 விழுக்காடுதான்.

ஆட்டைவிடப் பூனை அதிகமாகப் போவதற்குக் காரணம் எளிது. ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம், காவலுக்குப் படுக்கிறோம், காணாமல் போனால் ஊரைக் கூட்டுகிறோம். ஆட்டுக்கு விலை இருக்கிறது. நாயும் பூனையும் இரவு முழுவதும் திறந்தவெளியில் தனியே திரிகின்றன.

மேலே சொன்ன கணக்கு அகோலேயினுடையது. நம் ஊர்க் கணக்காக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். குலம் பார்த்துச் சிறுத்தை விலகும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

பிப்ரவரி 9

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதை இன்று எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து ஊர்களில் பெண்களின் கைவேலை நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் சமையலும் தண்ணீரும். பகலில் வயலோ நூறு நாள் வேலையோ. வெயில் தாழ்ந்த பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்து வயர் கூடை, பீடி, பூத்தொடுப்பு, ஆரி வேலை என்று அவரவர் வேலையை எடுக்கிறோம். மின்விளக்கின் கீழே கண்ணைச் சுருக்குவதைவிட மாலை வெளிச்சத்தில் முடிச்சு நன்றாகத் தெரியும், காற்றும் வரும், எதிர்வீட்டாரோடு பேச்சும் நடக்கும். அந்த நேரத்தில்தான் பூனை மடியருகே படுத்திருக்கும், குழந்தைகள் தெருவில் ஓடுவார்கள். சிறுத்தை பாறை இடுக்கிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கும் நேரமும் அதுவே.

அதிலும் கைவேலை செய்கிறவர் தரையில் உட்கார்ந்து முதுகை வளைத்துக் குனிந்திருப்பார். நிமிர்ந்து நிற்கும் மனிதரைச் சிறுத்தை பொதுவாக ஒதுங்கிப் போகிறது. குனிந்திருக்கும் உருவமும் சிறு குழந்தையின் உருவமும் அதன் கண்ணுக்கு வேறாகத் தெரிகின்றன. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே துருகத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். அந்த வீட்டாரின் துயரத்தை நான் இங்கே விவரிக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் மலையோரத் திண்ணைகளில் இருட்டும் வரை கூடை பின்னிக்கொண்டிருக்கிறோம் என்பது என்னை உறுத்துகிறது.

எனவே நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது. விளக்கு வைக்கும் முன் கைவேலையை மூட்டை கட்டி உள்ளே எடுக்கிறோம்; கூடவே பூனைகளும் உள்ளே வருகின்றன. பூனைகளைக் கூப்பிடுவதற்கு என் மாமியாரின் முறைதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. அவர் தட்டில் கரண்டியால் தட்டுவார். அந்த ஓசைக்குப் பிறகே இரவு உணவு. பகலில் வேறு எதற்கும் அந்தத் தட்டைத் தட்டக் கூடாது. கறுப்பி எந்தக் கூரையில் இருந்தாலும் வந்துவிடுகிறாள்.

பிப்ரவரி 10

"சரியாக எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சூரியனைப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் கார்த்திகையில் ஏறத்தாழ 5.45 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஆனியில் 6.40 ஆகிவிடும். மலைக்குக் கிழக்கே ஒட்டி இருக்கும் ஊர்களில் நிழல் இன்னும் முன்னதாகவே விழும். காலையிலும் இதே விதி. பால் கறக்க எழுந்தவுடன் கதவைத் திறந்துவிடாமல், வேலிக்கு அப்பால் நிற்பது மாடா கல்லா என்று தெளிவாகத் தெரியும் வரை பொறுத்திருங்கள்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பூனைகளை உள்ளே வைக்கத் தொடங்கிவிட்டாராம். ஆனால் அவருடைய துணைவியார் இரவில் குரோஷா பின்னும்போது பூனைகள் நூற்கண்டை உருட்டி விளையாடுகின்றன, பார்க்க அழகாக இருக்கிறது என்கிறார்.

அழகாக இருப்பதை நானும் அறிவேன். ஆனாலும் இன்றே நிறுத்துங்கள். இதைத்தான் நான் எழுத நினைத்திருந்தேன்: வெளியே உள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றப் பூனையை உள்ளே அழைக்கும் வீட்டில், கைவேலைப் பொருள்கள் கிடக்குமானால், உள்ளேயும் ஓர் ஆபத்தின் எதிரேதான் அதை உட்கார வைக்கிறோம்.

பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் வரிசை வரிசையாக உள்ளன. இறைச்சியை எலும்பிலிருந்து சுரண்டவும் ரோமத்தை வாரவும் அமைந்தவை அவை. நூல் ஒன்று அந்த முட்களில் மாட்டிக்கொண்டால் பூனையால் அதைத் துப்ப இயலாது. விழுங்கித்தான் ஆக வேண்டும். நீண்ட நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கி நிற்க, மறுமுனை குடலுக்குள் போகிறது. குடல் தன் வழக்கப்படி நூலைத் தள்ளத் தள்ள, நூல் நகராமல் குடலே நூலின் மேல் சுருக்குப் பையைப் போல மடிந்து மடிந்து ஏறுகிறது. இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். ஊசி கோத்த நூலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

என் அண்ணி ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறார். வெள்ளச்சி ஒருமுறை அவர் வீட்டில் இருந்தபோது பட்டு நூல் துண்டு ஒன்றை விழுங்கிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. முதலில் வாந்தி, பிறகு மீன் வைத்தும் முகர்ந்துவிட்டுத் திரும்பினாள், பிறகு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தவள் எழவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் அடிவேரில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் அறுவை செய்து எடுத்தார்கள். நேரத்தோடு போனதால் பிழைத்தாள்.

ஒன்றை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். உள்ளே மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இழுத்தால் குடலை அறுப்பீர்கள். எண்ணெய் ஊற்றிப் பார்ப்பது, வாழைப்பழம் ஊட்டிப் பார்ப்பது ஆகியவற்றில் பொழுதைப் போக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

வயர் கூடைக்கும் இது பொருந்தும். முடிச்சு போட்டு முடித்த பின் வெட்டும் நுனிகளைப் பூனை மெல்லும். சிவன் கண் முடிச்சுக் கூடையிலும் நெல்லிக்காய் முடிச்சுக் கூடையிலும் வெட்டும் துண்டுகள் நிறைய விழும். எண்ணிப் பெருக்க முடியாத அளவு சிறியவை. நான் இப்போது ஓர் அகலமான தாம்பாளத்தை மடிமேல் வைத்து அதற்குள்ளேயே நுனியை வெட்டுகிறேன். ஆரி வேலைக்கான மணியையும் ஜரிகையையும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்தான் வைக்க வேண்டும். பூனை பாதத்தால் நெம்பிப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்துவிடுகிறது.

பிப்ரவரி 18

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றி ஒரு சகோதரி நினைவூட்டினார், நன்றி. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் கஞ்சி. முறத்தில் புகையிலைத் தூளும் வெட்டிய இலையும் இருக்கும். பூனைக்கு முறத்தில் ஏறிப் படுப்பது மிகவும் பிடிக்கும். தூள் ரோமத்தில் ஒட்டும். பூனை தன்னை நக்கித் துப்புரவு செய்யும்போது புகையிலை நஞ்சு உள்ளே போகும். எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வாந்தி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. முறத்தின் மேல் இன்னொரு முறத்தைக் கவிழ்த்துக் கட்டுங்கள். பூனைக்கென்று ஒரு பழைய முறத்தைத் தனியே கொடுத்துவிட்டால் அது அதில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மார்ச் 2

நூலை எங்கே வைப்பது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. அலமாரி உள்ளவர்கள் அலமாரியில் வையுங்கள். எங்களுடையது ஓட்டு வீடு. மரப்பெட்டி ஒன்றுதான் உண்டு, அதில் துணிகள். நான் உறி கட்டினேன்.

பாலையும் வெண்ணெயையும் பூனையிடமிருந்து காப்பாற்ற நம் பாட்டிமார் உத்தரத்தில் தொங்கவிட்ட அதே உறிதான். அவர்கள் பனைநாரிலும் தேங்காய்நாரிலும் முறுக்கினார்கள். நான் வயரில் பின்னினேன். அடிவளையம் கையளவு அகலம் இருக்க வேண்டும். அதிலிருந்து நான்கு இணைகளாக வயரை மேலே கொண்டுபோய், ஒரு முழ உயரத்தில் இரண்டிரண்டாகப் பிரித்து மாற்றி முடிச்சிட்டு, உச்சியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்க வேண்டும். நடுவில் ஒரு மண்சட்டியை இறக்கி, அதற்குள் நூற்கண்டும் ஊசிப்பெட்டியும் வைத்து, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்க்கிறேன். வயர் வழுக்கும் என்பதால் பூனையால் அதைப் பற்றி இறங்க முடியாது. நார்க்கயிற்றில் கட்டினால் உத்தரத்தின் வழியாக வந்து இறங்கிவிடும். வெள்ளச்சி இறங்கிக் காட்டினாள்.

சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் மூன்று முழத்துக்கு அப்பால் தொங்கவிடுங்கள். உறியின் அடியில் முக்காலி போடாதீர்கள்.

பழைய நார்க்கயிறு வீணாக வேண்டாம். ஒரு பனஞ்சட்டத்தை நிறுத்தி அதில் நெருக்கமாகச் சுற்றி ஆணி அடித்துவிடுங்கள். பூனை அதில் நகம் கீறிக்கொள்ளும். வந்தவாசிக் கோரைப்பாயும் பின்னிய கூடையும் தப்பும்.

மார்ச் 9

"கொல்லையில் கண்ட காலடி சிறுத்தையுடையதா நாயுடையதா?" என்று ஒரு மாணவர் படம் அனுப்பியிருக்கிறார். தம்பி, உங்கள் படத்தில் விரல்களுக்கு முன்னே நகக்குறி தெளிவாகத் தெரிகிறது. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயால் அது இயலாது. அடுத்து, பின்பகுதித் திண்டின் கீழ்விளிம்பைப் பாருங்கள். பூனைக் குடும்பத்துக்கு அது மூன்று மடிப்பாக இருக்கும். சிறுத்தையின் காலடி பெரும்பாலும் 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலம். வீட்டுப் பூனையுடையது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நகக்குறி இல்லாமல் கண்டால் அது காட்டுப்பூனையாக இருக்கலாம். அதனால் உங்கள் ஆட்டுக்கு எந்தத் தீங்கும் வராது, கோழியை மட்டும் நன்றாக அடைத்து வையுங்கள்.

மாலையில் வாசலுக்கு வெளியே இரண்டு முழ அகலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பிவைப்பது எங்கள் வழக்கம். இரவில் யார் வந்து போனார்கள் என்பது காலையில் தெரிந்துவிடும். அநேகமாகக் கீரியும் தெருநாயும்தான். இந்த மணல் வந்த பிறகு எங்கள் தெருவில் புரளி குறைந்திருக்கிறது. குறி இல்லாத இரவில் யாரும் "சிறுத்தை வந்தது" என்று கூச்சலிட முடிவதில்லை. சிறுத்தைக் காலடி என்று தோன்றினால் அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுக் குடியாத்தம் அல்லது பேரணாம்பட்டு வனச்சரகத்துக்குச் சொல்லுங்கள். கூட்டம் கூடி மிதித்துவிட்டால் யாராலும் எதையும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 13

ஒருவர் சுருக்கு வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் வேலியில் மின்சாரம் பாய்ச்சலாம் என்கிறார். மூன்றாமவர், கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கிறார்.

முதல் இரண்டுக்கும் என் பதில் கண்டிப்பானது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சிறுத்தை உள்ளது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. சட்டத்தை விட்டாலும், மின்வேலியில் மாட்டிச் சாகிறவர் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் பக்கத்து வயல்காரராக இருப்பார். சுருக்கில் முதலில் விழுவது உங்கள் பூனைதான்.

கூண்டைப் பற்றி நிறைய யோசித்தேன். செவலை போனபோது எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் அதையே செய்தார்கள். ஊர்ப்புறங்களில் பிடித்த சிறுத்தைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு அங்கே மனிதர் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4 என்ற நிலையிலிருந்து 17 ஆக உயர்ந்ததை ஆத்ரேயா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழகிய இடத்தை இழந்த விலங்கு அறியாத ஊர்களின் வழியே அலைகிறது. அது விட்டுப் போன இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்துவிடுகிறது. மனிதரைத் தாக்கிய விலங்கை என்ன செய்வது என்பது வனத்துறை தீர்மானிக்க வேண்டிய வேறு விஷயம். பூனையும் நாயும் போனதற்காகக் கூண்டு கேட்பதை நான் இப்போது ஆதரிக்கவில்லை.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழகத்தில் 1,070. அவை நம்மோடுதான் இருக்கப் போகின்றன. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒன்று வந்து பள்ளி வளாகத்தில் புகுந்து, பிறகு கார்கள் நிற்கும் கொட்டகையில் பதுங்கி, மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டதை நீங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். மலையடிக்கு மட்டும் உரிய கவலை என்று நகரத்தார் நினைக்க வேண்டாம்.

மே 11

அக்கினி நட்சத்திரம் நடக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. "இந்தப் புழுக்கத்தில் பூனையை அறைக்குள் அடைப்பது கொடுமை" என்று எழுதியவருடைய கருத்து நியாயமானது. தகரக் கூரையின் கீழ் மூடிய அறையில் பூனையை வைக்கவே கூடாது. மனிதரும் படுக்கக் கூடாது.

நாங்கள் பின்தாழ்வாரத்தின் ஒரு பக்கத்தைப் பூனைகளுக்காக அடைத்தோம். முதலில் மூங்கில் தட்டி கட்டலாம் என்றிருந்தோம். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த நல்ல மூங்கில் கையில் இருந்தது. ஆனால் தட்டி வெயிலைத்தான் தடுக்கும், கயிற்றுக் கட்டைச் சிறுத்தையால் பிரித்துவிட முடியும். கோழி அடைக்கும் மெல்லிய வலையும் போதாது. எனவே பற்றவைத்த கனத்த கம்பி வலையை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, மேலேயும் அதே வலையைப் போட்டோம். மேலே திறந்திருக்கும் கூண்டு கூண்டாகாது; ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கூரை வேண்டும். மூங்கில் தட்டியை வலையின் உட்புறம் இடுப்பளவு உயரத்துக்குக் கட்டினோம். வெளியே வந்து நிற்கும் விலங்கைப் பூனை பார்த்து மிரளாமல் இருக்கவும், வலைக்கு வெளியே வாலையோ காலையோ நீட்டாமல் இருக்கவும் அது உதவுகிறது.

தரையில் நனைத்துப் பிழிந்த சாக்கு. அகலமான மண்சட்டியில் தண்ணீர். கனமாக இருப்பதால் கவிழாது. படுக்கைக்குப் பழைய குடியாத்தம் கைலியை நான்காக மடித்துத் தைத்தது. ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கத் தையலை இரட்டையாகப் போட வேண்டும், காரணத்தை பிப்ரவரியில் எழுதிவிட்டேன். மலம் கழிக்க மரத்தூள் நிரப்பிய தட்டு, தண்ணீருக்கு எதிர்மூலையில்.

மே 12

வலையின் கண் அளவைக் கேட்கிறார்கள். பூனைக்குட்டியின் தலை நுழையாத அளவு, அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஜூன் 8

கே.வி.குப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது கோடு விழுந்த மூன்று குட்டிகள் கிடைத்தனவாம். சிறுத்தைக்குட்டி என்று ஊர் கூடிவிட்டது. ஒரு வாசகர் அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்து பால் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுக்காதீர்கள். படத்தைப் பார்த்தால் காட்டுப்பூனைக் குட்டிகளாகவே தெரிகிறது. வளர்ந்த காட்டுப்பூனைக்கு உடலில் குறி குறைவு. நீண்ட கால்கள், குட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையங்கள். குட்டியில் மட்டும் கோடுகள் இருக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். தாய் அருகிலேயே மறைந்திருக்கும். அந்தப் பாத்தியை வெட்டாமல் விட்டுவிட்டு ஆட்கள் விலகினால் இருட்டிய பின் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். சிறுத்தைக்குட்டியாகவே இருந்தாலும் இதுவே வழி, ஆனால் இன்னும் தொலைவாக, இன்னும் விரைவாக விலக வேண்டும். வனத்துறைக்குச் சொல்லவும் வேண்டும். வளர்ந்த நிலையிலும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவே இருக்கும், துரு நிறப் புள்ளிகள் கொண்ட காட்டுப்பூனை இனம் ஒன்றும் இந்தியாவில் உண்டு. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் அது ஒன்று. அதையும் சிறுத்தைக்குட்டி என்று நினைத்து அடித்துவிடக் கூடாது.

வீட்டுப் பூனைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பூனைகளுக்கு வரும் கொடிய குடல் வைரஸ் நோய் காட்டுப்பூனைக்கும் தொற்றக்கூடியது. தடுப்பூசி போடாத பூனையைக் கரும்புக் காட்டில் திரியவிட்டால் அங்கே உள்ளவற்றுக்கும் நோயைக் கொடுக்கிறோம். சிறுத்தையிடமிருந்து பூனையைக் காப்பது பற்றி இவ்வளவு எழுதினேன். நம் பூனையிடமிருந்து காட்டை எப்படிக் காப்பது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 22

முதலில் கேள்வி கேட்ட பேரணாம்பட்டு வாசகர் எழுதியிருக்கிறார். பெண் பூனை இருட்டும் முன் தானே வந்துவிடுகிறது, கடுவன் மட்டும் கட்டுக்கு அடங்காமல் இரவெல்லாம் கதவைப் பிறாண்டிக் கத்துகிறது என்கிறார்.

ஐயா, அது ஆறு மாதம் கடந்த கடுவன் என்றால் கருத்தடை செய்யுங்கள். துணை தேடி அலைவது அதன் இயல்பு. தட்டோசையும் கருவாடும் அதை வெல்லா. செய்த பிறகு சில வாரங்களில் அலைச்சல் குறையும். பெண் பூனைக்கும் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மாதச் சினைக்குப் பின் குட்டிகள், அந்தக் குட்டிகளை அடைக்க இன்னொரு தாழ்வாரம். போகும்போதே வெறிநோய்த் தடுப்பூசியையும், குடல் வைரஸுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியையும் கேளுங்கள். வெறிநோய் ஊசியை மூன்று மாதக் குட்டியிலிருந்தே போடலாம். உங்களையோ குழந்தைகளையோ பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக் கூடாது.

தயிர்ச்சோறு மட்டும் வைப்பதாக எழுதியிருந்தீர்கள். பூனையின் உடலுக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பார்வையும் இதயமும் கெடும். மாலை உணவில் வேகவைத்த மீனோ கோழி ஈரலோ சிறிது இருக்கட்டும். கருவாட்டை உப்புப் போகக் கழுவிய பிறகு கொடுங்கள். மாலையில் வயிறு நிறைந்தால் கதவைப் பிறாண்டுவதும் பாதியாகக் குறையும்.

உங்கள் துணைவியார் உறிக்கான வயர் அளவைக் கேட்டிருந்தார். ஓர் உறிக்கு ஒரு கட்டு வயர் தாராளமாகப் போதும். அடிவளையத்துக்குச் சாதா முடிச்சே போதுமானது. மீதி வயரைத் துண்டுகளாக வெட்டாமல் சுருட்டி அந்தச் சட்டிக்குள்ளேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.